பத்துப் பேர்ச் வளவுக்குள் காற்றாலை: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத்தில் கச்சான் (தென்மேல் பருவக்காற்று) எழும்பினால் வீட்டுக் காற்றாலை பற்றிய கடிதங்களும் எழும்பிவிடும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவானதை எடுத்துக்கொண்டோம். வேறாகச் சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் 1.5 மீற்றர் விட்டமுள்ள மூன்று இறக்கைக் காற்றாலைக்கு உரியவை. வீட்டுக்கென்று விற்பவற்றில் அதிகம் விசாரிக்கப்படுவது அந்த அளவுதான்.

உப்புவெளியில் 10 பேர்ச் காணி, மேல்மாடி வீடு. இணையத்தில் ‘1,000 வாட்’ என்று ஒரு காற்றாலை விற்கிறார்கள், விட்டம் 1.5 மீற்றர். வாங்கிப் பூட்டினால் கரண்ட் பில் பாதியாகுமா? மன்னாரில் ஓடுகிறதே?

ஆகாது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை மறந்துவிட்டு, இறக்கை வரைகிற வட்டத்தின் பரப்பைப் பாருங்கள். 1.5 மீற்றர் விட்டத்துக்கு அது 1.77 சதுர மீற்றர். நமது கரையோரச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை 1.16 கிலோ அளவில் இருக்கும். செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அந்த வட்டத்துக்குள்ளால் போகிற காற்று முழுவதிலும் இருக்கும் சக்தியே 1,030 வாட்தான். காற்றில் இருப்பதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜேர்மனியரான அல்பேர்ட் பெட்ஸ் 1919 இல் காட்டிவிட்டார். அந்த வரம்பு இங்கே 610 வாட். சிறிய காற்றாலை ஒன்று இறக்கை, டைனமோ, வயர் என்று எல்லா இழப்பும் போகப் பற்றரிக்குக் கொடுப்பது காற்றில் இருப்பதில் 25 சதவீதம், 250 வாட் சொச்சம்.

இன்னொன்று. காற்று பாதியானால் கரண்ட் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் உங்களுக்குக் கிடைப்பது 32 வாட், 3 மீற்றரில் 7 வாட். வருடச் சராசரி 3 மீற்றர் உள்ள இடத்தில் நாளொன்றுக்குக் கால் யூனிற் (ஒரு யூனிற் 1,000 வாட் மணி), 4 மீற்றர் என்றால் 0.6 யூனிற், 5 மீற்றர் என்றால் 1.2 யூனிற் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் பேசாமல் கிடக்கும் 550 வாட் சோலார் தகடு ஒன்று நம்மூர் வெயிலுக்கு 2 யூனிற்றுக்கு மேல் தரும்.

மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் நிற்கும் 30 காற்றாலைகளின் சுழல் விட்டம் 126 மீற்றர். பரப்புக் கணக்கில் ஒன்று உங்களுடையதைப் போல் 7,000 மடங்கு. உயரமும் அதற்கேற்றது. அதைப் பார்த்து இதை வாங்கக் கூடாது. வீட்டோடு வீடாகப் பூட்டியவை எப்படி ஓடின என்று அறிய இங்கிலாந்தின் வாரிக் ஆய்வைப் பாருங்கள்: 2007, 2008 ஆம் ஆண்டுகளில் கட்டடங்களில் பூட்டிய 26 சிறு காற்றாலைகளை அளந்தார்கள். பழுதாகியும் நிறுத்தியும் வைத்த நாட்களைச் சேர்த்து, ஒன்று நாளுக்குத் தந்த சராசரி 214 வாட் மணி. கால் யூனிற்கூட இல்லை.

பிறகு ஏன் காற்றாலை? மார்கழியில் நாள்கணக்கில் வெயில் காணாத மழை வரும்போதும் வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) அடிக்கிறது, இரவிலும் அடிக்கிறது. சோலாரும் பற்றரியும் ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு, கடலைப் பார்த்த வெளியான காணியும் இருந்தால், துணைக்கு ஒன்று வைக்கலாம். பில்லைக் குறைக்க என்றால் இன்னும் இரண்டு தகடு போடுங்கள்.

நிலாவெளிப் பக்கம், கடற்கரையில் இருந்து 300 மீற்றர். ஆனி, ஆடியில் தகரத்தையே கழற்றுகிற காற்று. இதற்கும் அளந்து பார்க்க வேண்டுமா?

தகரத்தைக் கழற்றுகிற காற்றுத்தான் காற்றாலைக்கு உதவாத காற்று. கச்சான் உங்களுக்குக் கரைப்பக்கமாக, வீடுகளையும் தென்னைகளையும் உரசிக்கொண்டு வருகிறது. அப்படி வருவது சுழன்று குழம்பி வரும். காற்றாலை ஒரு பக்கம் திரும்பி வேகமெடுக்குமுன் காற்று மறுபக்கம் போய்விடும். வாடைக்காலத்தில் கடலில் இருந்து நேரே வருவது சீரான காற்று. ஒரே வளவில் இரண்டு காலத்துக்கும் இரண்டு விதமான விளைச்சல்.

ஒரு தடைக்குப் பின்னால் குழப்பம் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தூரத்துக்கும் போகும். அடுத்த வளவு வீடு 7 மீற்றர் என்றால் 14 மீற்றர் உயரம்வரை, 140 மீற்றர் தூரம்வரை. இதனால்தான் 150 மீற்றர் சுற்றளவில் உள்ள எதையும்விட இறக்கையின் கீழ்நுனி 9 மீற்றர் மேலே நிற்க வேண்டும் என்ற விதி வந்தது. 18 மீற்றர்த் தென்னை நிற்கும் ஒழுங்கையில் அந்த விதிப்படி கம்பம் 27 மீற்றருக்கு மேல் போக வேண்டும். பத்துப் பேர்ச்சில் அதை நட வழியில்லை. இங்கேதான் முக்கால்வாசிப் பேருடைய திட்டம் முடிந்துவிடுகிறது.

காசு செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. பட்டம் ஒன்றை ஏற்றுங்கள். ஏற்றும்போது நூலில் 2 மீற்றருக்கு ஒன்றாக, ஒரு மீற்றர் நீளமான மெல்லிய பொலித்தீன் நாடாக்களைக் கட்டிக்கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். மேலே உள்ள நாடாக்கள் ஒரு திசையில் நீட்டி நிற்கும். கீழே உள்ளவை துடித்துச் சுருண்டு நூலில் சுற்றும். துடிப்பு நின்று நீளத் தொடங்குகிற நாடா எத்தனையாவது என்று எண்ணுங்கள். நூல் சரிந்து நிற்பதால் நூலின் நீளத்தை உயரமாக எடுக்காதீர்கள். 45 பாகையில் நின்றால் நீளத்தில் 0.7 பங்குதான் உயரம். அந்த உயரத்துக்குக் கீழே கம்பம் நடுவதாக இருந்தால் நடவே வேண்டாம். கச்சானில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை பாருங்கள். கரண்ட் கம்பி ஓடுகிற பக்கம் பட்டம் கூடாது.

நாடா நல்லபடி நின்றால் அடுத்தது கிண்ண வகைக் காற்றுமானி. பதிவு செய்யும் வகையாக இருக்க வேண்டும். காற்றாலை நிற்கப்போகும் உயரத்திலேயே கட்டி, இரண்டு பருவமும் அதற்கிடையில் காற்று விழுந்து கிடக்கும் பங்குனி, சித்திரையும் சேர ஒரு வருடம் விடுங்கள். சராசரி செக்கனுக்கு 4.5 மீற்றருக்குக் குறைந்தால் எங்கள் அபிப்பிராயம் ‘வேண்டாம்’ என்பதுதான்.

மட்டிக்களியில் காணியே இல்லை, கூரைதான் உண்டு. கூரை முகட்டில் பூட்டலாமா?

வேண்டாம். 10 மீற்றர் காற்றில் இது நிமிடத்துக்கு 760 சுற்று வரை சுழலும். மூன்று இறக்கை என்பதால் செக்கனுக்கு 38 அதிர்வு கம்பத்தால் இறங்கும். கல்லுச் சுவர் அதைப் படுக்கையறைவரை கொண்டுபோகும். ஓட்டுக் கூரையில் ஓடு நகர்ந்து ஒழுகும், அஸ்பெஸ்ரஸ் தகட்டில் ஆணித் துளையைச் சுற்றி வெடிக்கும். ரப்பர்த் துண்டு வைத்தால் தீரும் என்பார்கள்; மெல்லிய கிறீச்சொலி குறையும், அடித்தொனி உறுமல் குறையாது. போதாததற்கு, காற்று சுவரில் மோதி முகட்டால் பிரிந்து எழும் இடமே அதுதான். பட்ட நாடாவை முகட்டில் ஒரு தடியில் கட்டிப் பாருங்கள், கீழிருந்து மேலாகத் துடிக்கும்.

சாம்பல்தீவில் தனிமாடி வீடு, முன்னால் கடல்வரை வெளி. பின்வளவு 40 அடிக்கு 26 அடி. அளந்து பார்த்ததில் காற்று சராசரி செக்கனுக்கு 5 மீற்றர். கம்பம் எவ்வளவு உயரம், என்னென்ன தேவை?

இவருக்குச் சொல்லலாம். மணல் நிலம் என்பதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறார், அது முக்கியம்.

முதலில் உயரம். கம்பத்தைப் படுக்க வைத்து இறக்கக்கூடியதாகத்தான் நட வேண்டும். ஏறிப் பழுதுபார்க்கிற கம்பம் வீட்டுக்கு ஆகாது. நாலு பக்கமும் இழுவைக் கம்பி, அதன் நங்கூரம் கம்பத்தில் இருந்து உயரத்தின் பாதித் தூரத்தில். படுக்கும் பக்கத்தில் முழு உயரமும் இறக்கையின் 2½ அடியும் வேண்டும். ஆக, உயரத்தின் ஒன்றரை மடங்கோடு 2½ அடி கூட்டினால் வருவது வளவின் நீளத்துக்குள் அடங்க வேண்டும். 40 அடிக்கு 24 அடிக் கம்பம்: 36 உம் 2½ உம் 38½. அகலத்துக்கு 24 அடி, உங்களிடம் 26 இருக்கிறது. 24 அடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். மேலே சொன்ன 9 மீற்றர் விதிக்கு இது எட்டாது; முன்னால் வெளி, அளந்ததிலும் 5 மீற்றர் என்பதால்தான் சம்மதிக்கிறோம். மேல்மாடி வீடாக இருந்தால் இந்த உயரம் வீண், அப்படி இருந்தால் பதிலே வேறாக இருந்திருக்கும்.

குழாய்: கீழே 3 அங்குல ஜீஐ (நாகம், அதாவது சிங்க் பூசிய இரும்பு), நடுத்தர வகுப்பு, 20 அடி முழு நீளம். அதற்குள் 2½ அங்குலக் குழாய் 6 அடி, 2 அடி உள்ளே போகவேண்டும். மரையிட்ட சொக்கற்றால் இணைக்காதீர்கள், மரை வெட்டிய இடத்தில்தான் முறியும். இரண்டு குழாய்க்கும் நடுவில் வரும் இடைவெளியைத் தகட்டுத் துண்டுகளால் நிரப்பி, ஊடாக 12 மில்லிமீற்றர் போல்ற் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக. வெல்டிங் பட்ட இடத்தில் நாகப் பூச்சு உரிந்துவிடும், துருத் தேய்த்துவிட்டு சிங்க் பெயின்ற் இரண்டு பூச்சு. இழுவைக் கம்பி இல்லாமல் 2 அங்குலக் குழாயைச் சும்மா நட்டுவிடுகிறவர்கள் உண்டு. மணிக்கு 90 கிலோமீற்றர் காற்றிலேயே காற்றாலையில் 65 கிலோ தள்ளு விழும். 24 அடி நெம்பில் அந்தக் குழாய் தாங்கக்கூடியதைப் போல் இரண்டு மடங்கு அது.

இழுவைக் கம்பியை உச்சியில் கட்டாமல் 21 அடியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கை நுனி கம்பியில் அடிக்கும். 6 மில்லிமீற்றர் கல்வனைஸ் உருக்குக் கயிறு, வளைவுகளில் எல்லாம் உலோக வளையம், ஒவ்வொரு நுனிக்கும் மூன்று கிளிப், 1½ அங்குல இடைவெளியில். கிளிப்பின் சேணம் (கயிறு அமரும் பள்ளமுள்ள துண்டு) பாரம் இழுக்கிற நீளக் கயிற்றில் இருக்க வேண்டும், யூ போல்ற் மடித்துவந்த குட்டை வாலில். மாற்றிப் போட்டால் யூ போல்ற் பாரக் கயிற்றை நசுக்கும். கடைக்காரர் கட்டித் தந்ததையும் இந்த ஒன்றுக்காகத் திரும்பிப் பாருங்கள், பாதி தலைகீழாக இருக்கும். கீழே 12 மில்லிமீற்றர் டேர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகி), கொக்கி உள்ளது வேண்டாம், இரு பக்கமும் மூடியது. இறுக்கிய பின் அதன் நடுவால் கம்பி விட்டுக் கட்டாவிட்டால் அதிர்வில் தானே கழரும்.

நங்கூரத்தில்தான் மணல் நிலத்தார் தவறுகிறார்கள். மணிக்கு 144 கிலோமீற்றர்ப் புயலில் ஒரு கம்பியில் 450 கிலோ இழுவை வரலாம், அதில் 400 கிலோ மேல்நோக்கியது. 2 அடிக் கனக் கொங்கிறீற் கட்டி 540 கிலோ இருக்கும், போதும் போலத் தெரியும். ஆனால் புயல் வருவது மாரியில், கிணறு வாய்மட்டத்துக்கு வந்து நிற்கும் காலத்தில். நீருக்குள் மூழ்கிய கட்டியின் பாரம் 320 கிலோவாகக் குறைந்துவிடும், கம்பி அதைப் பிடுங்கிக்கொண்டு வரும். 2½ அடிக் கனமாகப் போடுங்கள்: காய்ந்த இடத்தில் 1,060 கிலோ, நீருக்குள் 620. ஒன்றுக்கு 1:2:4 கலவையில் 50 கிலோ சீமெந்துப் பை மூன்று, நாலுக்கும் பன்னிரண்டு. கடல் மணல் கூடாது, உப்புக் கிணற்று நீரும் கூடாது. உள்ளே இருக்கும் கம்பி துருவேறிக் கட்டி வெடிக்கும். ஏழு நாள் நனைத்து, 28 நாள் கழித்தே பாரம் ஏற்றுங்கள். கம்பத்தின் அடிக்கு 2 அடிக் கட்டி போதும், அதில் 10 மில்லிமீற்றர்த் தகட்டில் பிணைச்சல், 20 மில்லிமீற்றர் ஊசி.

பக்க நங்கூரங்கள் இரண்டும் பிணைச்சல் ஊசியின் நேர்கோட்டிலேயே, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். கோடு தப்பினால் கம்பம் எழும்பும்போது ஒரு பக்கக் கம்பி இறுகி மறுபக்கம் தொய்யும், பாதியில் கம்பம் சரிந்து விழும். தூக்குவதற்கு, படுத்திருக்கும் கம்பத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக 10 அடிக் குழாய் ஒன்றைப் பூட்டி, அதன் நுனியில் இருந்து ஒரு தொன் செயின் புளொக்கால் (சங்கிலிக் கப்பியால்) இழுங்கள். அதிகப் பாரம் நிலத்தை விட்டுக் கிளம்புகிற முதல் இரண்டு அடியில்தான். காற்றாலை இல்லாமல் வெறுங்கம்பத்தை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஏற்றும் நேரத்தில் 27 அடிக்குள் பிள்ளைகள் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கிற பெரியவர்களும் நிற்கக் கூடாது.

இடிக்கு: கம்பத்தின் அடியில் இருந்து 16 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பி, 5 அடிச் செம்பு பூசிய கோல் இரண்டு, ஒன்றுக்கொன்று 5 அடியாவது தள்ளி. காய்ந்த மணல் மின்னை லேசில் கடத்தாது, கோலைக் கிணற்றடி ஈரத்துப் பக்கமாக இறக்குங்கள். வீட்டின் பிரதான நிலத்தொடுப்போடும் (ஏர்த்) அதை இணைக்க வேண்டும்.

சோலாருக்கு வாங்கிய சார்ஜ் கொன்ட்ரோலரிலேயே காற்றாலையையும் கொடுத்தேன். பற்றரி நிறைந்த அன்றைக்கே எரிந்துபோனது. என்ன காரணம்? (கிண்ணியா)

பற்றரிக்கு மின்னை அளவோடு விடுகிற கருவிதான் கொன்ட்ரோலர். சோலார்க் கொன்ட்ரோலர் பற்றரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும். தகடு அதைப் பற்றிக் கவலைப்படாது. காற்றாலைக்குத் துண்டிப்பு என்பது மாட்டின் கழுத்தில் இருந்து நுகத்தை எடுத்துவிட்ட மாதிரி. பாரம் போனதும் வேகம் ஏறும், 24 வோல்ட் 80, 100 என்று போகும், கொன்ட்ரோலர் கருகும். அதற்கு மேலும் ஓடினால் இறக்கை பறக்கும். காற்றாலைக்கு உரிய கொன்ட்ரோலர் மிஞ்சிய மின்னைச் சூடாக மாற்றும் மின்தடையில் (ரெசிஸ்ரரில்) கொட்டும். 24 வோல்ட் தொகுதிக்கு 1.5 ஓம், 1,000 வாட் தடை போதும். அது சிவக்கச் சிவக்கச் சூடாகும், மரப்பலகையில் பூட்டாமல் சீமெந்துச் சுவரில் பூட்டுங்கள்.

லித்தியம் பற்றரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அதற்குள் இருக்கும் காப்புச் சுற்று தானாகவே துண்டிக்கும், பலன் அதேதான். பற்றரி துண்டித்தாலும் தடை வேலை செய்யக்கூடிய கொன்ட்ரோலரா என்று கேட்டு வாங்குங்கள்.

இணைக்கும் ஒழுங்கு: பற்றரி முதலில், காற்றாலை பிறகு. கழற்றும்போது காற்றாலையைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுத்தான் பற்றரியில் கை வைக்க வேண்டும். பிரேக் என்பது மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற சுவிட்ச். கடுங்காற்றில் முழு வேகத்தில் போட்டால் சுருள் எரியும். காற்று ஓய்கிற இடைவெளி பார்த்துப் போடுங்கள். பற்றரியின் நேர் முனையில் 40 அம்பியர் டீசீ பியூஸ்.

வயரின் பருமன் பற்றியும் ஒரு சொல். 20 மீற்றருக்கு 24 வோல்ட்டில் 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 250 வாட்டில் 5 சதவீதம் போகும், 2.5 போட்டால் 13 சதவீதம். 12 வோல்ட்டில் 2.5 என்றால் பாதி வயரிலேயே சூடாகிவிடும்.

செங்குத்து அச்சு, விளக்குக் கூடு மாதிரிச் சுழல்வது சிறிய வளவுக்கு நல்லது என்கிறார்களே? (உவர்மலை)

பார்க்க வடிவானது. எந்தத் திசைக் காற்றுக்கும் திரும்பத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அரை மீற்றர் விட்டம், 90 சென்ரிமீற்றர் உயரம் உள்ள ‘400 வாட்’ கூட்டின் பரப்பு 0.45 சதுர மீற்றர். செக்கனுக்கு 12 மீற்றர் காற்றிலும் அதற்குள் வருவது 450 வாட், கையில் கிடைப்பது 90. குழம்பிய காற்றில் இது நன்றாக ஓடும் என்பதும் பாதி உண்மைதான். சுழல்வதைக் காண்பீர்கள், பற்றரியில் காணமாட்டீர்கள்.

பக்கத்து வீட்டார் மறுப்புச் சொன்னால்? அனுமதி யாரிடம்?

கம்பம் விழுந்தால் மதிலுக்கு அப்பால் விழுமா என்பதுதான் அவர்களது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 40 அடி வளவில் 24 அடிக் கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் உள்ளேயே விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே நங்கூரக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள், மறைக்காதீர்கள். உள்ளூராட்சி மன்றத்தில் கட்டட அனுமதி பற்றி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீனன்குடா விமானத் தளத்தை அண்டியவர்கள் உயரம் பற்றி அங்கேயும் கேட்பது நல்லது. மின்சார சபை வயரோடு இணைப்பதானால் சபையின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் மின்கம்பத்தில் ஏறித் திருத்துகிறவருக்கு உங்கள் வீட்டில் இருந்து கரண்ட் போய்விடும்.

கடல் உப்புக்கும் புயலுக்கும் என்ன செய்வது?

2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியான எச்சரிக்கை வந்தால் பிரேக் போட்டு, கம்பத்தை இறக்கி, இறக்கைகளைக் கழற்றி உள்ளே வையுங்கள். மழை தொடங்கமுன், பகல் வெளிச்சத்தில். காற்று எழும்பின பிறகு இறக்க நினைத்தால் நடுவழியில் கம்பம் உங்கள் கையில் இருக்காது.

உப்புக்கு, கச்சான் முடிந்ததும் ஒருமுறை, வாடை முடிந்ததும் ஒருமுறை இறக்கி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போல்ற்றுகள் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு. அலுமினியத்தைத் தொடும் இடங்களில் கிறீஸ் பூசாமல் பூட்டினால் உருக்கைத் தொட்ட அலுமினியம் அரிபட்டு இறுகி, பிறகு திருகவே முடியாமல் போகும். இறக்கையின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மணல் அரித்துச் சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய உப்புத்தாள் தேய்த்து இரட்டைக்கூறு பெயின்ற் பூசலாம். மூன்று இறக்கைக்கும் ஒரே அளவு பூச வேண்டும், பூசியபின் மூன்றையும் தராசில் நிறுங்கள். சில கிராம் வித்தியாசமே அதிர்வாகக் கம்பத்தில் கேட்கும். பெயரிங் உள்ளே கரகரத்தால் மாற்றுங்கள். பழையதைக் கழற்றி ஓரத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, அதே இலக்கத்தில் இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரும்புத் தகட்டு மூடி உள்ளதைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உப்பு அதற்குள்ளால் போகும்.